மானுவல் ஆரோன்: முன்னே யாரும் இல்லாத ஆட்டக்காரர்

(இலுப்பைக்கடவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இப்படிப்பட்ட மேடைகளில் புலவர்களையும் கல்விமான்களையும் பற்றிப் பேசுவது வழக்கம். நான் ஒரு சதுரங்க ஆட்டக்காரரைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்றபோது, இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் மறுப்புச் சொல்லாமல் சம்மதித்தார்கள். அதற்கு முதலில் என் நன்றி. விளையாட்டுத்தானே என்று தள்ளிவிடக்கூடிய வாழ்க்கை அல்ல அது. தனக்கு முன்னே வழிகாட்ட ஒருவரும் இல்லாத துறையில் ஒருவர் முதலாவதாக வருகிறார். வந்தபின் தன் பெயரைக் காத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் வழி வெட்டுகிறார். அவரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அவர் பெயர் மானுவல் ஆரோன். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர்.

1935 டிசெம்பர் 30ஆம் திகதி, அன்றைய பர்மாவில் தவுங்கூ என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் இந்தியர். வளர்ந்ததும் பள்ளிப் படிப்பும் தமிழ்நாட்டில். விஞ்ஞானப் பட்டம் அலகாபாத் பல்கலைக்கழகத்தில். அவர் பிறப்பதற்குச் சரியாகப் பதினைந்து நாள் முன்னர், டிசெம்பர் 15ஆம் திகதி, ஒல்லாந்தில் மக்ஸ் யூவே என்ற கணித ஆசிரியர் அலெகைனைத் தோற்கடித்து உலக வெற்றிவீரர் ஆனார். இந்தத் தகவலை நினைவில் வைத்திருங்கள். யூவே திரும்பவும் வருவார்.

ஆரோன் காய் பிடித்த காலத்தில் இந்தியாவில் சதுரங்கம் எப்படி இருந்தது என்று தெரியாமல் அவர் செய்த வேலையின் கனம் விளங்காது. சதுரங்கம் பிறந்த நாடு அது என்று எல்லோரும் சொல்வோம். சொல்வதில் பெருமையும் உண்டு. ஆனால் 1950களில்கூட அங்கே பல இடங்களில் ஆடப்பட்டது உலகம் ஆடிய ஆட்டம் அல்ல. பிள்ளைகளே, நீங்கள் ஆடும்போது சிப்பாய் முதல் நகர்விலே இரண்டு கட்டம் போகலாம் அல்லவா? பழைய நாட்டு ஆட்டத்தில் ஒரு கட்டந்தான். நீங்கள் ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றிக் கோட்டை கட்டுகிறீர்கள். அங்கே அது கிடையாது. அதற்குப் பதிலாக, எதிரி ஒருமுறையும் ‘செக்’ வைக்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் உடனே ராணியாகிவிடாது. யானை நிற்கும் ஓரத்தில் போய்ச் சேர்ந்தால் யானை, குதிரைக்குரிய இடத்தில் சேர்ந்தால் குதிரை. இவையும் ஊருக்கு ஊர் மாறும். பக்கத்து மாவட்டத்துக்காரன் வந்து உட்கார்ந்தால், ஆட்டம் தொடங்குமுன் விதியைப் பேசித் தீர்க்கவேண்டும்.

அந்த ஆட்டத்தில் அழகு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சிப்பாய்கள் ஒவ்வொரு கட்டமாக நகர்வதால் இரண்டு படைகளும் மோதிக்கொள்ள நேரம் எடுக்கும். பொறுமையும் இறுதிக்கட்டத்தில் நுணுக்கமும் அதில் வளர்ந்தன. ஆனால் அந்த ஆட்டத்தில் ஊறியவர் சர்வதேசப் பலகையில் உட்கார்ந்தால், முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுக்குள்ளேயே பள்ளத்தில் விழுந்துவிடுவார். ஐரோப்பாவில் அந்தத் தொடக்க நகர்வுகளைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து புத்தகமாக்கி வைத்திருந்தார்கள். நம் கரையில் கடலுக்குப் போகிறவன், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் மீன் படும் என்று பாட்டனும் தகப்பனும் சொல்லக் கேட்டுத்தான் போகிறான். ஒவ்வொருவனும் புதிதாகக் கடலை அளக்க வெளிக்கிட்டால் வீட்டில் உலை ஏறாது. இந்திய ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் அப்படித்தான் தனித்தனியே கடலை அளந்துகொண்டிருந்தார்.

ஆரோனுக்கு முன்னால் பெரிய ஆட்டக்காரரே இருக்கவில்லையா என்று யாரேனும் கேட்கலாம். இருந்தார். பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான். அவரைச் சொல்லாமல் ஆரோனைச் சொல்வது நியாயமில்லை. சேர் உமர் ஹயாத் கான் என்ற நிலக்கிழாரின் ஆதரவில் இருந்தவர் அவர். 1928இல் அகில இந்திய வெற்றிவீரர். அடுத்த ஆண்டு அந்தக் கனவானோடு இலண்டனுக்குப் போய், வளர்ந்த பின் கற்றுக்கொண்ட சர்வதேச விதிகளோடு அதே ஆண்டில் பிரித்தானிய வெற்றிவீரர் ஆனார். 1932இலும் 1933இலும் மறுபடி வென்றார். ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வெற்றிவீரர் கபபிளாங்காவைத் தோற்கடித்தார். கபபிளாங்கா தோற்பதென்பது அந்தக் காலத்தில் செய்தித்தாளில் தலைப்புச் செய்தியாகும் விடயம். அந்தக் கனவானின் வீட்டைச் சேர்ந்த பாத்திமா என்ற பெண் 1933இல் பிரித்தானியப் பெண்கள் வெற்றிவீராங்கனை ஆனதையும் இங்கே இருக்கும் பெண்பிள்ளைகளுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

1933 முடிவில் அந்தக் கனவான் ஊர் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். அதன்பின் சர்வதேச மேடையில் அவர் இல்லை. 1966இல் காலமானார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024இல், அவர் இறந்து ஐம்பத்தெட்டு ஆண்டு கழித்து.

பிறவித் திறமையைத் தராசில் வைத்தால் சுல்தான் கான் பக்கம் தாழும் என்பதே என் எண்ணம். ஆரோனை நேசிக்கும் நானே அதைச் சொல்கிறேன். ஆனாலும் சுல்தான் கானுக்குப் பின் இந்தியாவில் ஒரு பரம்பரை முளைக்கவில்லை. குற்றம் அவருடையதல்ல. அவர் ஆடிய போட்டியும் அவர் ஏறிய கப்பலும் இன்னொருவரின் விருப்பத்தில் இருந்தன. கற்றதை எழுதிவைக்கவோ, பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்கவோ அவருக்கு இடம் அமையவில்லை. ஆரோனின் வாழ்க்கை அந்த இடத்திலேதான் வேறு திசையில் திரும்புகிறது.

அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு 1951இல் உருவானது. முதல் தேசிய வெற்றிவீரர் போட்டி 1955இல் ஆந்திரத்து ஏலூரில் நடந்தது. ராமச்சந்திர சப்ரேயும் வெங்கய்யாவும் அதில் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆரோன் 1959இல் முதல்முறை தேசிய வெற்றிவீரர் ஆனார். 1981 வரை ஒன்பது தடவை அந்தப் பட்டம் அவரிடம் வந்தது. 1969 முதல் 1973 வரை தொடர்ந்து ஐந்து முறை. தமிழ்நாட்டு மாநிலப் பட்டம் 1957க்கும் 1982க்கும் இடையில் பதினொரு முறை. தேசிய மட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் முதல் பட்டமும் கடைசிப் பட்டமும். இடையில் வந்த இளைஞர் கூட்டத்தை எல்லாம் எதிர்கொண்டு நின்றவர் என்று இதற்குப் பொருள். உள்நாட்டு வெற்றிகளைப் பற்றி இதற்குமேல் நான் விரிக்கப் போவதில்லை.

1960இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், நாடுகளின் அணிகள் மோதும் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. இந்திய அணிக்கு ஆரோன் தலைவர். அங்கே நெதர்லாந்து அணிக்காக வந்திருந்தவர் மக்ஸ் யூவே. ஆரோன் தொட்டிலில் கிடந்தபோது உலக வெற்றிவீரராக இருந்த அதே யூவே. தொடக்க நகர்வுகளைப் பற்றி உலகம் படித்த புத்தகங்களை எழுதியவர். இருபத்தைந்து வயது நிரம்பாத ஆரோன் அவரைத் தோற்கடித்தார். யாருடைய புத்தகத்தைத் தேடித் தேடிப் படிக்கவேண்டியிருந்ததோ அவரையே பலகையில் வென்றார் என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அடுத்தது ஆசிய வலயப் போட்டிகள். மொங்கோலியாவின் மோமோவை 3-1 என்று வென்றார். ஆஸ்திரேலியாவின் செசில் பர்டியை 3-0 என்று வென்றார். பர்டி சாதாரண ஆள் அல்ல. தபால் மூலம் ஆடும் சதுரங்கத்தில் உலகின் முதல் வெற்றிவீரர், புகழ்பெற்ற சதுரங்க எழுத்தாளர். அந்த வெற்றிகளோடு 1961இல் ஆரோனுக்குச் சர்வதேச மாஸ்டர் பட்டம் வந்தது. அர்ஜுனா விருது புதிதாக ஏற்படுத்தப்பட்டிருந்த நேரம். சதுரங்கத்துக்காக அதைப் பெற்ற முதல்வரும் அவரே.

அந்த வலயப் போட்டி வெற்றி அவரை 1962இல் ஸ்டொக்ஹோமுக்கு அழைத்துச் சென்றது. உலகப் பட்டத்துக்குப் போட்டியிடப் போகிறவர்களைத் தெரிவு செய்யும் வலயங்களுக்கிடையிலான போட்டி அது. இருபத்துமூன்று பேர், ஆளுக்கு இருபத்திரண்டு ஆட்டம். பதினெட்டு வயது பொபி பிஷர் இருந்தார். அவர்தான் முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டே உலக வெற்றிவீரராகப்போகும் பெட்ரோசியான் இருந்தார். கெல்லர், கோர்ச்னோய் என்று சோவியத் வரிசை முழுக்க இருந்தது. அவர்களுக்குப் பின்னால் பயிற்றுநர்கள், ஆய்வுக் குறிப்புகள், அரசின் ஆதரவு. ஆரோனுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. ஜனவரி முடிவில் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை நடந்த போட்டியில் அவர் கடைசி இடம் பெற்றார்.

இந்தக் கடைசி இடத்தைச் சொல்லாமல் விட்டு, அவரைப் பாராட்டி எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. அதே போட்டியில் அவர் ஹங்கேரியின் போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மானையும் வென்றார். இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள், அதாவது சர்வதேச மாஸ்டருக்கும் மேலான பட்டம் பெற்றவர்கள். அந்த இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்துக் கடைசி இடத்தைப் பாருங்கள். கிராண்ட்மாஸ்டரை வெல்லும் வலு கையில் இருக்கிறது. ஆனால் ஒன்றரை மாதம், ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆயுதத்தோடு வரும் இருபத்திரண்டு பேரை எதிர்கொள்ளும் ஆயத்தம் இல்லை. திறமைக்கும் ஆயத்தத்துக்கும் உள்ள இடைவெளி இவ்வளவு துலக்கமாக வேறெங்கும் தெரிவதில்லை. ஆரோன் ஊர் திரும்பிய பிறகு செய்த ஒவ்வொரு காரியமும் அந்த இடைவெளியை மூடும் வேலையாகவே எனக்குத் தெரிகிறது.

அவருக்குப் பின் இந்தியாவிலிருந்து அடுத்த சர்வதேச மாஸ்டர் வர எத்தனை காலம் எடுத்தது தெரியுமா? பதினேழு ஆண்டு. 1978இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய இளையோர் போட்டியை வென்று அந்தப் பட்டத்தைப் பெற்றவர் ரவிக்குமார். அவர் பிறந்த ஊர் பரமக்குடி. இங்கே உள்ள முதியவர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இராது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை தலைமன்னாரில் கப்பலேறியவர்கள், அக்கரையில் ரயில் பிடித்து மதுரைப் பக்கமோ சென்னைப் பக்கமோ போகும்போது பரமக்குடி நிலையத்தைத் தாண்டித்தான் போனார்கள். பெரிய நகரம் அல்ல, நெசவாளர் ஊர். உலகச் சதுரங்கத்தில் ஒரு பட்டம் நமக்கு அவ்வளவு பக்கத்தில், கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன ஊர்ப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது.

அந்தப் பதினேழு ஆண்டில் ஆரோன் என்ன செய்தார்? நாட்டு விதிகளை விட்டுச் சர்வதேச விதிக்கு வாருங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். கழகங்களை அமைக்க உதவினார். ஆட்டத்தை எழுதிவைக்கப் பழக்கினார். தொடக்க நகர்வுகளைப் புத்தகம் வைத்துப் படியுங்கள் என்று வற்புறுத்தினார். புத்தகம் படித்து ஆடுவது ஏதோ கள்ளத்தனம் என்று பழைய கைகள் நினைத்த காலம் அது. பத்திரிகைகளில் சதுரங்கப் பத்தி எழுதினார். தமிழ்நாட்டுச் சங்கத்தின் நிர்வாகத்தைச் சுமந்தார். அதன் பின்னரும் ‘செஸ் மேட்’ என்ற சஞ்சிகையை நடத்தினார். பிற்காலத்தில் விஜய் பண்டிட் என்பவரோடு சேர்ந்து இந்தியச் சதுரங்கத்தின் வரலாற்றையே ஒரு பெரிய நூலாக எழுதினார். ஒரு வெற்றிவீரர் தன் எதிராளிகளைத் தானே பயிற்றுவிப்பது எவ்வளவு பெரிய மனது என்று யோசித்துப் பாருங்கள். அவர் எழுதிய பத்தியைப் படித்து வளர்ந்த இளைஞன், மறுநாள் அவருக்கு எதிரே வந்து உட்காருவான்.

இவற்றிலெல்லாம் ஒன்றை மட்டும் சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1972ஆம் ஆண்டு. பிஷரும் ஸ்பாஸ்கியும் ஐஸ்லாந்தில் மோதி, சதுரங்கம் உலகச் செய்தியான ஆண்டு. சென்னை ஆழ்வார்பேட்டையில் இருந்த சோவியத் கலாசார நிலையத்தில் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கியது. அதை உருவாக்கியதில் முன்நின்றவர் ஆரோன். முன்னாள் உலக வெற்றிவீரர் தாலின் பெயரை அதற்கு வைத்தார்கள். சோவியத் நாட்டுப் புத்தகங்கள் அங்கே வந்தன. பலகைகள் இருந்தன, கடிகாரங்கள் இருந்தன. கூடம் நிறைய ஆள் இருந்தது. மின்னல்வேக ஆட்டத்தில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். வென்றவன் கதிரையை விட்டு எழத் தேவையில்லை. அந்தக் கதிரையை விடமனமில்லாத ஒரு சிறுவன் அங்கே வந்தான். தாய் சுசீலா வீட்டிலே காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்திருந்தார். பெயர் விஸ்வநாதன் ஆனந்த். அவர் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், பிறகு உலக வெற்றிவீரரும் ஆனார். அந்தக் கதையை நான் சொல்லவேண்டியதில்லை.

ஆனந்தைத் தனி விண்மீன் என்று எழுதுகிறார்கள். அவர் மேதை, அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அவர் ஆறு வயதிலோ எட்டு வயதிலோ போய் உட்கார ஒரு கதிரை ஆழ்வார்பேட்டையில் இருந்தது. எதிரே நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அலுமாரியில் புத்தகம் இருந்தது. சுல்தான் கானின் ஊரில் இவை ஒன்றும் இருக்கவில்லை. ஆனந்துக்குப் பின் விஜயலட்சுமி, பிரக்ஞானந்தா, வைஷாலி. 2024 டிசெம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் உலக வெற்றிவீரரான குகேஷ். இந்திய கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமிழ்நாட்டவர். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது இலங்கை அணியும் அங்கே போய் ஆடியது. இந்த வரிசையின் தொடக்கத்தில் கடைசி இடம் பெற்றுத் திரும்பிய ஒருவர் நிற்கிறார் என்பதை அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

இனி நம்முடைய விடயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்கு மூளை குறைவில்லை. செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாம்களில் சோடா மூடிகளின் உட்புறம் ‘ரா’, ‘கு’, ‘யா’ என்று பேனையால் எழுதி, நிவாரணப் பெட்டியின் மட்டையில் கட்டம் கீறி விளையாடிய பெடியங்களை நான் கண்டிருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் பிரித்தறிய ஒரு பக்கத்து மூடிகளை நசுக்கி வைத்திருந்தார்கள். அவ்வளவு ஆசை இருந்தது. இன்று கையில் தொலைபேசி இருக்கிறது, அதில் யாரோடும் ஆடலாம். வாடிகளில் 304 சீட்டு ஆடும் பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே பேரன் திரையில் சதுரங்கம் ஆடுவதைப் பார்க்கிறோம். நல்ல காரியம். ஆனால் தோற்றவுடன் அடுத்த ஆட்டத்தை அழுத்திவிட்டுப் போய்விடுகிறான். எந்த நகர்வில் பிழைத்தது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. ஆரோன் ஒரு நாட்டுக்கே பழக்கியது அந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான். ஆட்டத்தை எழுது, எதிராளியோடு உட்கார்ந்து மறுபடி நகர்த்து, எங்கே பிழைத்தது என்று கண்டுபிடி, புத்தகத்தில் பார்.

இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். சனிக்கிழமை பின்னேரத்தில் பூட்டுத் திறந்த ஒரு வகுப்பறை, நாலைந்து பலகை, ஒன்றிரண்டு கடிகாரம், ஆட்டம் எழுத ஒரு கொப்பி, தமிழில் கிடைக்கும் சில புத்தகங்கள். சாதாரண தரப் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். தோற்றவர் எழும்ப, வென்றவர் இருக்கட்டும். பெண்பிள்ளைகளை வீட்டு வேலையைச் சாட்டி மறிக்காதீர்கள் என்று தாய்மாரிடம் கேட்டுக்கொள்கிறேன். மன்னாரில் நடக்கும் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும்போது முதல் இரண்டு மூன்று தடவை கடைசியாகத்தான் வருவார்கள். வரட்டும். தோற்ற ஆட்டங்கள் எழுதிய கொப்பி கையோடு வந்தால் போதும். பேருந்துச் செலவுக்கு வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்கலாம். கோயில் திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் கொடுப்பவர்கள் இதற்கும் கொடுப்பார்கள்.

பாடசாலை அதிபர் அவர்களோடு பேசியிருக்கிறேன். வகுப்பறை தர அவருக்குச் சம்மதம். பலகைகளும் ஒரு கடிகாரமும் என் பொறுப்பு. கூட்டம் முடிந்தபின் வாசல் மேசையில் ஒரு கொப்பி இருக்கும். சேர விரும்பும் பிள்ளைகள் பெயரையும் வகுப்பையும் எழுதிவிட்டுப் போங்கள். சொல்லிக்கொடுக்க முன்வரும் பெரியவர்கள் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். வரும் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்குகிறோம்.